மகஜர் போதும், வாசலுக்கு வாருங்கள்

எழுவைதீவுத் தாய்மாரே, கடலால் வந்த களைப்போடு நிற்கிற அண்ணன் தம்பிமாரே!

போன கிழமை இறங்குதுறையில் ஒரு ஐயா என்ன சொன்னார்? றோலர் அறுத்த வலையைத் தூக்கிக் காட்டிய தாயிடம், "மகஜரைத் தந்திட்டு வீட்டை போங்கோ அம்மா. சத்தியாக்கிரகமெல்லாம் 61இலேயே தோத்துப்போச்சு" என்றார். பக்கத்தில் நின்ற சிலர் தலையும் ஆட்டினார்கள்!

மகஜர்! எத்தனை வருஷமாய் மகஜர்! இழுவைமடிக்குத் தடை என்று 2017இல் சட்டமே வந்துவிட்டது. எங்கள் வலைக்கு அது தெரியவில்லையே!

1961 பெப்ரவரி 20ஆம் திகதி தமிழுக்கு உரிமை கேட்டு, தமிழரசுக் கட்சிச் செல்வநாயகத்தோடு யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் போன சனம் மகஜர் நீட்டவா போனது? வாசலை மறித்துக் குந்தியது. பொலிஸ் அடித்தது, தூக்கி எறிந்தது. திரும்பவும் வந்து குந்தியது. நிர்வாகம் முடங்கியது. ஏப்ரல் 14ஆம் திகதி சொந்தத் தபால் முத்திரை அடித்து விற்றார்கள். மூன்றாம் நாள் அவசரகாலச் சட்டம், இராணுவம், தலைவர்களுக்குப் பனாகொடை முகாம்! சும்மா குந்தியிருந்தவனுக்கா அரசாங்கம் இராணுவத்தை அனுப்பியது?

தோற்ற இடத்தை நான் சொல்கிறேன். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில், எங்களையும் உள்ளே விடுங்கள் என்று ஒடுக்கப்பட்ட சனம் குந்தியது. கச்சேரி வாசலில் இருந்த பெரியவர்களில் எத்தனை பேர் அங்கே வந்து பக்கத்தில் இருந்தார்கள்? சுந்தரலிங்கம் வழிமறித்து நின்றார். கணிதப் பேராசிரியர், மனிசரை எண்ணத் தெரியவில்லை! இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

வென்ற இடத்தையும் சொல்கிறேன். இரணைதீவாரும் எங்களைப் போலத் தீவுச் சனந்தான். 1992இல் இடம்பெயர்ந்தவர்கள். அவர்களும் மகஜர் கொடுத்துக் களைத்தவர்கள். 2017 மே மாதம் இரணைமாதா நகரில் போராட்டம் தொடங்கினார்கள். ஒரு வருஷம் பார்த்தார்கள். 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டி, கடற்படை நிற்கிற தங்கள் தீவில் நேரே போய் இறங்கினார்கள். தேவாலயத்தில் கும்பிட்டார்கள். திரும்பவில்லை!

அந்த ஐயா சொல்லட்டும், இது தோத்துப்போன வேலையா?

திங்கட்கிழமை வள்ளங்கள் ஊர்காவற்றுறைக்குப் போகும். அலுவலக வாசலில் இருப்போம். கல் தூக்குகிறவன், குடித்துவிட்டு வருகிறவன் வள்ளத்தில் ஏறக்கூடாது. அக்கரையிலிருந்து றோலரில் வரும் கூலித் தொழிலாளியைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை வரக்கூடாது. எங்கள் வழக்கு றோலர் முதலாளியோடும், சட்டத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறவர்களோடுந்தான். ஆரையும் பொலிஸ் பிடித்தால் அந்த வீட்டு அடுப்பு எங்கள் பொறுப்பு. அரிசி சேர்க்கத் தங்கச்சிமார் இன்றைக்கே கொப்பியோடு வாசலில் நிற்கிறார்கள். போகும்போது பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.