பாடசாலைப் பூட்டு என்ற செய்தி பெரட்டுக்கு முன்னால் வரட்டும்

(திருகோணமலையில் நடந்த பகுதிக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சுத்தான் இன்றைக்கும் முதலில் வரும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அதற்கு முன்னால், மழைக்காலத்தில் பாடசாலை பூட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அது சம்பளத்தோடு எப்படிச் சேருகிறது என்பதைப் போகப் போகச் சொல்கிறோம்.

இந்தக் கூட்டத்தில் இரண்டு ஊர் மழை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு இறங்கி வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலை என்று குடியேறிய குடும்பங்களில் பாதி இங்கே, பாதி இன்னும் தோட்டத்தில். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜூன், ஜூலையில் மழை கொட்டும்போது இங்கே கச்சான் காற்றில் புழுதி பறக்கும். இங்கே மாரி என்றால் ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும். பதுளை, பசறை, கொஸ்லந்தைப் பக்கத்துக்கும் அதே மாதங்கள்தான் ஆபத்து. அதனால் கொழும்பிலிருந்து ஒரே உத்தரவு போட்டு நாடு முழுவதுக்கும் பாடசாலை திறப்பதும் பூட்டுவதும் சரிவராது.

கனடாவில் சொந்தக்காரர் உள்ளவர்கள் அங்கத்தைய பனிக்காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பனி கொட்டினால் அந்தந்தப் பகுதிக் கல்விச் சபை விடியற்காலையிலேயே முடிவு எடுத்துச் சொல்லிவிடும். சில வேளை பஸ் மட்டும் ஓடாது. அமெரிக்காவில் பல இடங்களில் இரண்டு மணித்தியாலம் பிந்தித் தொடங்குவார்கள். முழுப் பூட்டு என்பது அதற்கு மேல்தான். அவர்களிடம் வசதி இருக்கிறது, நம்மிடம் இல்லை. ஆனால் பிள்ளை வீட்டை விட்டு இறங்குவதற்கு முன் தாய்க்குத் தகவல் போக வேண்டும் என்ற யோசனைக்குப் பணம் தேவையில்லை.

இங்கே தகவல் எப்படி வருகிறது? வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுகிறது. மண்சரிவு என்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாகச் சொல்கிறது. மஞ்சள் என்றால் கவனமாக இரு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாக இரு, சிவப்பு என்றால் உடனே வெளியேறு. அது மாவட்டச் செயலகம், கல்வித் திணைக்களம், வலயப் பணிப்பாளர், அதிபர் என்று படி இறங்கி, கடைசியில் வகுப்பு வாட்ஸ்அப்பில் விழுகிறது. அது விழும்போது மணி ஆறரை, ஏழு. தாய் பெரட்டுக்குப் போய் மலையில் நிற்கிறாள். ஃபோன் வீட்டில், அல்லது சிக்னல் இல்லை. இங்கே துறைமுகப் பக்கம் கூலிக்குப் போகிறவரும், விடியமுன் கடலுக்குப் போகிறவரும் அப்படித்தான். பிள்ளை நனைந்து போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது.

திரும்பி எங்கே போகிறது? அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது காலை வேளையில். அங்கே மண் சரியும் என்று பல வருஷங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனாலும் சனம் அங்கேயே இருந்தது. அன்றைக்குப் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது தாய் தகப்பன் இல்லை. அந்தக் காலை ஏழு மணிக்கு “மழை, இன்று பாடசாலை இல்லை” என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பாடசாலையைப் பூட்டினால் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று அதிகாரிகள் எழுதுகிறார்கள். கல்வீட்டில் இருக்கிறவருக்கு அது சரி. சரிவுக்குக் கீழே லயத்துக் காம்பராவில் இருக்கிறவருக்குப் பாதி நேரம் பாடசாலைக் கட்டிடம்தான் உறுதியான இடம். வெள்ளம் வந்தால் நம் சனத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள்? அதே பாடசாலையில்தானே!

மறுபக்கம், பாடசாலை நல்ல இடத்தில் இருந்து வழி கெட்டுக் கிடக்கலாம். 2024 நவம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டம் காரைதீவு, மாவடிப்பள்ளிப் பக்கம் வெள்ளம் பாய்ந்த வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடிபட்டுப் போனது. நம் மாவட்டத்திலேயே 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளை இழந்தோம். அதைப் புயலின் மேல் போட முடியாது. அதனால்தான் சொல்கிறோம்: பூட்டுவதா திறப்பதா என்று முடிவு எடுக்கிறவர் கட்டிடம், வழி, வீடு மூன்றையும் பார்க்க வேண்டும். அதைக் கொழும்பிலிருந்து பார்க்க முடியாது. திருகோணமலை மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள். மூதூர் வலயத்தில் தண்ணீர் நிற்கும்போது பட்டணத்தில் வெயில் அடிக்கலாம். 2025 நவம்பர் கடைசியில் மாவிலாறு அணைக்கட்டு உடைந்தபோது மூதூர், வெருகல் பக்கம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். வலயப் பணிப்பாளரும் அதிபரும் கிராம உத்தியோகத்தரோடு பேசி உள்ளூரில் முடிவு எடுக்கட்டும். எடுத்ததற்காக அவர்கள் மேலே விளக்கம் எழுதிக்கொண்டு நிற்கக் கூடாது.

உயர்தரப் பரீட்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 வரைக்கும் அது ஆகஸ்டில் நடந்தது. கிழக்கில் அது காய்ந்த காலம். கொரோனாவுக்குப் பிறகு திகதி தள்ளித் தள்ளிப் போய் 2024இலும் 2025இலும் நவம்பரில் வந்து நின்றது. 2024இல் தொடங்கி மூன்றாம் நாளே நிறுத்தினார்கள், டிசம்பர் 4ஆம் திகதிதான் மீண்டும் நடந்தது. 2025இல் டித்வா புயலால் நின்றுபோன பாடங்கள் 2026 ஜனவரி 12 தொடக்கம் நடந்தன. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களை எடுத்த புயல் அது. அப்போது நிறுத்தியதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வடக்கு, கிழக்கு, பதுளைப் பிள்ளைகளுக்கு மட்டும் மாரி நடுவில் பரீட்சை வைத்தது நியாயமில்லை. இந்தத் துறைமுகத்தைப் புயல் தாக்கிய நாட்களைப் பாருங்கள்: 1964 டிசம்பர், 2000 டிசம்பர் 26, வடக்கே கரை கடந்த புரெவி 2020 டிசம்பர் 2. திகதி போடுகிறவர்களுக்கு இது தெரியாததல்ல.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். பாடசாலை பூட்டினால் சின்னப் பிள்ளையைப் பார்க்க யாரோ ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும். அது தாய்தான். அவளுக்கு அன்றைக்குப் பேர் விழாது. வரவுக்காகக் கிடைக்கும் 200 ரூபாவும் சேர்ந்து போகும். பாதியில் பிள்ளையைத் தேடி ஓடினால் அரைப்பேர். அதைப் பார்த்து, ஏழு வயதுப் பிள்ளையிடம் நாலு வயதை ஒப்படைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போகிறோம். மண்ணெண்ணெய் அடுப்பும் விறகும் உள்ளே இருக்கிறது. அந்தத் தாயைத் திட்டுவதற்கு நாங்கள் தயாரில்லை.

ஆகவே தோட்ட நிர்வாகத்திடம் சங்கம் கேட்கப்போவது இதுதான். எச்சரிக்கை காரணமாகப் பாடசாலை பூட்டிய நாளில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளையும் பிள்ளை மடுவத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும், மடுவம் சரிவுக்குக் கீழே இல்லை என்றால். செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கை உள்ள இடத்தில் நிற்கும் தாய்க்கு அன்றைய பேர் வெட்டக் கூடாது. அப்படியான நாளில் மலைக்கே ஆள் அனுப்பக் கூடாது என்பது வேறு கதை, அதையும் கேட்போம். கல்வித் திணைக்களத்திடம் கேட்பது, முடிந்தவரை முதல்நாள் இரவு ஏழு மணிக்குள் முடிவைச் சொல்லுங்கள் என்பது. வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் போதாது. கோயில் ஒலிபெருக்கி இருக்கிறது, பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருக்கிறது, பெரட்டுக்களத்தில் கங்காணி வாய் இருக்கிறது.

கிளைத் தலைவர்கள் ஐப்பசிக்கு முன்னால் அதிபரையும் கிராம உத்தியோகத்தரையும் ஒருமுறை சேர்த்து உட்கார வையுங்கள். எந்த லயம் சரிவுக்குக் கீழே, எந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் பகலில் பெரியவர் இல்லை என்று ஒரு கொப்பியில் எழுதி, ஒரு பிரதியைப் பாடசாலையிலும் இன்னொன்றைத் தோட்டக் காரியாலயத்திலும் கொடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதைப் பிள்ளைகளின் கொப்பி அட்டையில் எழுதிக் கொடுங்கள். துரைமாருக்குக் கொடுக்கும் கடிதத்தின் பிரதி வாசலில் மேசையில் இருக்கிறது, போகும்போது கிளைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.