ஊசி இல்லை என்றார்கள். ஆலைகளைப் பூட்டியது யார்?

(கோவை வட்டாரப் பஞ்சாலை, விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2021 மே மாதக் கடைசியில், தினசரி கொரோனாக் கணக்கில் நம் கோவை ஜில்லா சென்னையையே மிஞ்சி நின்றது. தடுப்பூசிக்காக ஆலைத் தொழிலாளி விடியற்காலையில் வரிசையில் நின்றார். கூலியை இழந்து வந்த விவசாயத் தொழிலாளித் தாயும் நின்றாள். "கையிருப்பு இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஏன் இல்லை?

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் குன்னூர். நாய்க்கடி மருந்துக்கு நம் பாட்டன் காலம் முதல் பேர்போனது, 1907இல் துவங்கிய அங்குள்ள பாஸ்டர் நிலையம். குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசியும் அங்கே தயாரானது. லாபத்துக்காக அல்ல; ஜனங்களுக்காக.

2008 ஜனவரியில் குன்னூர், கிண்டி, கசௌலி ஆகிய மூன்று பொதுத்துறை நிலையங்களின் உற்பத்தி உரிமத்தையும் மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. தயாரிப்புக் கூடம் தரவிதிக்குப் பொருந்தவில்லை என்பது காரணம். கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவோமா, குடும்பத்தையே வெளியேற்றுவோமா? பலத்த எதிர்ப்புக்குப் பின் 2010 பிப்ரவரியில் உத்தரவு வாபஸாயிற்று. இடையில் தனியார் கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம்!

அடுத்து செங்கல்பட்டு. 2012இல் அனுமதி பெற்று, 100 ஏக்கரில், 594 கோடி ரூபாய்த் திட்டமாக எழுந்தது பொதுத்துறைத் தடுப்பூசி வளாகம். நடத்தப் பணம் ஒதுக்காமல் கிடப்பில் போட்டார்கள். 2021 மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் பார்த்து, மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தாருங்கள் என்று கேட்டார். பயனில்லை. அந்தக் கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு கொரோனா ஊசிகூட அங்கிருந்து வரவில்லை.

"இது புது ஊசியாயிற்றே, பொதுத்துறையால் முடியுமா?" என்பார்கள். கோவாக்சினுக்கு வேண்டிய கிருமியைப் பிரித்துக் கொடுத்ததே பூனாவிலுள்ள பொது ஆராய்ச்சி நிலையந்தான்! அறிவு நம்முடையது, விலை அவர்களுடையது. 2021 ஏப்ரலில் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு அந்த ஊசிக்கு அறிவித்த விலை 1,200 ரூபாய். கோவிஷீல்டு மத்திய சர்க்காருக்கு 150, மாநிலங்களுக்கு 300, தனியாருக்கு 600. ஒரே மருந்துக்கு மூன்று விலை! இது வைத்தியமா, வியாபாரமா?

நம் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியைப் பாருங்கள். அது தொழிலாளியின் சந்தாவில் நடப்பது. நோய் பரவியபோது அது சகலருக்கும் கொரோனா ஆஸ்பத்திரியாயிற்று. சந்தாவே கட்டாத விவசாயத் தொழிலாளிக்கும் அங்கே கட்டில் கிடைத்தது. பொதுச் சொத்து என்றால் அதுதான். தனியாரிடம் இருந்திருந்தால் முன்பணம் கேட்டிருப்பார்கள்.

தோழர்களே, பஞ்சு இருப்பு இல்லாமல் ஸ்பிண்டில் சுற்றாது. விதைநெல்லைத் தின்றுவிட்டு அடுத்த போகம் விதைக்க முடியாது. நோய் வந்த பிறகு மருந்தாலை தேட முடியுமா? ஆகவே கேட்போம்: குன்னூருக்கும் கிண்டிக்கும் புது யந்திரமும் போதிய நிதியும் கொடு! செங்கல்பட்டு வளாகத்தைப் பொதுத்துறையிலேயே முழுமூச்சில் இயக்கு! விவசாயத் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. போன்ற வைத்தியப் பாதுகாப்பு கொடு!

ஆலையும் வயலும் ஒன்றுசேர்ந்து கேட்டால் சர்க்கார் செவிசாய்த்தே தீரவேண்டும்!