டிரைவர் இல்லாத கார் வருது… நடந்து போறவங்களுக்கு வழி எங்கே?

(சிங்கப்பெருமாள் கோவில் தெருமுனைக் கூட்டத்தில் நம் ஐ.டி. அணித் தோழர் பேசியது)



நான் மெக்கானிக்கல் படிச்சவன். தானா ஓடுற கார்னா எனக்கும் ஆசைதான். சான் பிரான்சிஸ்கோவில் 2024 ஜூனிலிருந்து யார் வேண்டுமானாலும் டிரைவர் இல்லாத வேமோ டாக்ஸியைக் கூப்பிடலாம். நம்ம சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டமும் டிரைவர் இல்லாத ரயிலுக்காகத்தான் திட்டமிடப்பட்டிருக்கு.

மெட்ரோவுக்குத் தனிப் பாதை. குறுக்கே யாரும் வர மாட்டாங்க. நம்ம ஒரகடம் ரோட்டைப் பாருங்க. ஷிப்ட் விடுற நேரம் கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, ஷேர் ஆட்டோ, நடுவுல உயிரைக் கையில பிடிச்சுட்டு நடக்குற தொழிலாளி!

நாளைக்கு அந்தக் கார் ஓடணும்னா தெளிவான கோடு, சிக்னல், நடைபாதை எல்லாம் வேணும்பாங்க. போடட்டும். ஆனா அதைத்தானே நாம இன்னிக்கே கேட்கிறோம்? மிஷினுக்குக் கிடைக்கப்போற ரோடு, மிஷினைச் செய்யுற தொழிலாளிக்கு முதல்ல கிடைக்க வேண்டாமா?

ஓனரை இறக்கிவிட்டு காலியா சுத்துற காரும் ரோட்டை அடைக்கத்தான் செய்யும். அதனால முதல் வழி பஸ்ஸுக்கும் நடக்குறவங்களுக்கும்!

டிரைவர் வேலை பறிபோகும், அந்தக் காரை அனுமதிக்க மாட்டோம்னு 2017-லேயே ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். தடுத்தா மட்டும் போதுமா? லாரி, வேன், ஆட்டோ ஓட்டுற அண்ணன்களுக்கு மாற்றுப் பயிற்சி இப்பவே தொடங்கணும்.

தொழில்நுட்பத்துக்கு நாம எதிரி இல்லை. ரோடு போடுறதுக்கு முன்னாடி, அதுல நடக்குறவங்களைக் கேளுங்கன்னுதான் சொல்றோம்.



#முதலில்_நடைபாதை #சிங்கப்பெருமாள்கோவில்