ஹோட்டல் பில்லும் வருமான வரியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் சொந்தத் தொழில் செய்யும் அங்கத்தினர்களுக்காக நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி எனக்குக் கொடுத்த தலைப்பு சிறியதுதான். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஜூலை மாதம் வந்தால் என் மேஜைக்கு எதிரே உட்காருபவர்களில் பாதிப் பேர் கேட்கும் கேள்வி அது. "சார், ஹோட்டல் பில் ஒரு கட்டு இருக்கிறது. கணக்கில் எழுதிவிடலாமா?" கேட்பவர் வக்கீலாக இருப்பார், டாக்டராக இருப்பார், எல்.ஐ.சி. ஏஜெண்டாக இருப்பார். சமீப காலமாக வீட்டிலிருந்தே சாம்பார்ப் பொடி, ஊறுகாய், பட்சணம் செய்து விற்கும் மாமிகளும் கேட்கிறார்கள். சந்தோஷமான விஷயம்.

முதலில் ஒரு முன்னறிவிப்பு. நான் இன்று சொல்லப்போகும் பிரிவு எண்கள் 1961-ம் வருடத்திய வருமான வரிச் சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதலான வருமானத்துக்கு 2025-ம் வருடத்திய புதிய சட்டம். அதில் எண்கள் மாறியிருக்கின்றன. நாம் பேசும் விஷயத்தின் அடிப்படை மாறவில்லை. நம் எல்லோருக்கும் பழைய எண்களே பழகியிருப்பதால் அவற்றையே சொல்கிறேன்.

37(1) என்ற பிரிவுதான் ஆதாரம். தொழிலுக்காகவே, முழுவதும் அதற்காகவே செய்த செலவைக் கழித்துக்கொள்ளலாம். சொந்தச் செலவைக் கழிக்கக் கூடாது. சாப்பாடு என்ற வார்த்தையே அந்தப் பிரிவில் கிடையாது. அதனால்தான் இத்தனை குழப்பம்.

தினமும் மத்தியானம் கோர்ட்டுக்குப் பக்கத்தில் சாப்பிடும் வக்கீல், "கோர்ட்டுக்கு வராவிட்டால் வீட்டிலேயே சாப்பிட்டிருப்பேனே, தொழிலால்தானே இந்தச் செலவு?" என்கிறார். நியாயம் மாதிரித்தான் தோன்றும். இதே வாதத்தை இங்கிலாந்தில் ஒரு தச்சர் 1975-ல் கோர்ட்டில் வைத்தார். வீட்டில் சாப்பிட்டால் 10 பென்ஸ், வேலை நடக்கும் இடத்தில் சாப்பிட்டால் 40 பென்ஸ், ஆகவே வித்தியாசமான 30 பென்ஸைக் கழித்துக் கொடுங்கள் என்றார். முழுத் தொகையைக்கூடக் கேட்கவில்லை, பாவம். நீதிபதி ஒப்புக்கொள்ளவில்லை. மனிதன் உயிர் வாழச் சாப்பிடுகிறான். தச்சு வேலை செய்வதற்கென்று தனியாக ஒரு பசி இல்லை என்பது தீர்ப்பின் சாரம். நம் நாட்டுக் கோர்ட்டுகளை அது கட்டுப்படுத்தாது என்றாலும், 37(1)-ல் உள்ள வார்த்தைகளும் ஏறத்தாழ அதே வார்த்தைகள்தான்.

உடம்பையே தொழிலின் கருவி என்று சொல்லிப் பார்த்தவரும் உண்டு. முன்னாள் மத்திய சட்ட அமைச்சர், மூத்த வழக்கறிஞர் சாந்தி பூஷண், தம் இருதய அறுவை சிகிச்சைக்கு ஆன 1,74,000 ரூபாயைத் தொழில் செலவாகக் கழிக்கக் கேட்டார். இருதயம் நன்றாக இருந்தால்தானே வாதாட முடியும்? 2011-ல் டில்லி உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. இருதயம் எல்லா மனிதருக்கும் வேண்டியது, வக்கீலுக்கு மட்டும் அல்லவே. அத்தனை பெரிய வழக்கறிஞரின் இருதயமே தொழில் செலவில் சேராதபோது, நம் மசால் தோசையின் கதி என்ன என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். நம் ஊர் யாதவகிரியில் இருந்த ஆர்.கே. நாராயண் காபிப் பிரியர். கதைக்கு ஆள் தேடி ஊரெல்லாம் சுற்றினாலும், அவர் தனியாகக் குடித்த காபி அவருடைய சொந்தக் காபிதான்!

சரி, பிறருக்கு வாங்கிக் கொடுத்தால்? இங்கே நிலைமை வேறு. இதற்கு நம் நாட்டில் ஒரு நீண்ட சரித்திரமே இருக்கிறது. உபசாரச் செலவுக்கு அரசாங்கம் 1961-லிருந்து பல வகையில் கடிவாளம் போட்டு வந்தது. வெளியூரிலிருந்து வரும் வியாபாரிக்குச் சாதாரணச் சாப்பாடு போடுவது உபசாரமா, தொழில் வழக்கமா என்று ஹைகோர்ட்டுகள் மாறி மாறித் தீர்ப்பளித்தன. வந்தவருக்கு ஒரு வாய் சாப்பாடு போடுவது நம் தேசத்து மரியாதை, அதைக் கேளிக்கை என்று சொல்வதா என்பது வியாபாரிகளின் ஆதங்கம். 1983-ல் சட்டத்தைத் திருத்தி, 1976-லிருந்தே அமலுக்கு வருவதாக, எல்லா விதமான உபசரிப்பும் அதில் அடக்கம் என்று எழுதினார்கள். அதற்கு முந்திய வருடங்களுக்கு மட்டும், சாதாரணச் சாப்பாடு உபசாரச் செலவு ஆகாது என்று படேல் பிரதர்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1995-ல் முடிவு சொல்லிற்று. பிறகு சில வருடங்கள் முதல் 10,000 ரூபாய் முழுவதும், அதற்கு மேல் பாதி என்று ஒரு கணக்கு. கடைசியில் 1997-ம் வருடத்து நிதிச் சட்டம் 1998 ஏப்ரல் 1 முதல் அந்த உட்பிரிவையே எடுத்துவிட்டது.

ஆகவே இன்று கட்சிக்காரருக்கோ வாடிக்கையாளருக்கோ வாங்கிக் கொடுக்கும் சாப்பாட்டுக்கு நம் நாட்டில் உச்சவரம்பு இல்லை. இந்த விஷயத்தில் நாம் வெளிநாட்டை விட அதிர்ஷ்டசாலிகள். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் பொதுவாகப் பாதிதான் கழிக்கலாம். இங்கிலாந்தில் வாடிக்கையாளர் உபசாரத்துக்குக் கழிவே கிடையாது. ஆனால் உச்சவரம்பு இல்லை என்பதற்கு, கேள்வி இல்லை என்று அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. யாருக்கு, எதற்காக என்ற இரண்டு கேள்விக்கும் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். வரும் பில்களைப் பார்த்தால் எனக்கே சில சமயம் சிரிப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை இரவு, நான்கு பேர், இரண்டு ஐஸ்கிரீம், ஒரு குழந்தைகள் மீல்ஸ். "கிளையண்ட் மீட்டிங்" என்று எழுதியிருக்கும்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. 270ஏ என்ற பிரிவு 2017-18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இருக்கிறது. வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் வரியில் 50 சதவிகிதம் அபராதம். பொய்ப் பதிவு, ஆதாரமே இல்லாத செலவு என்றால் 200 சதவிகிதம். 30 சதவிகித வரியில் இருக்கும் ஒருவர் குடும்ப ஹோட்டல் பில் 60,000 ரூபாயைத் தொழில் செலவில் சேர்த்தார் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் பிடித்த வரி 18,000. பிடிபட்டால் அந்த 18,000-ஐயும் கட்டி, மேலே 36,000 வரை அபராதம். செஸ், வட்டி தனி. இப்போது விசாரணையும் பெரும்பாலும் நேரில் இல்லை. கேள்வி கம்ப்யூட்டரில் வரும், பதிலும் கம்ப்யூட்டரில்தான். "நம்ம சார்தானே, எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம்" என்ற காலம் போய்விட்டது.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. டாக்டர், வக்கீல், என்ஜினீயர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் போன்ற குறிப்பிட்ட தொழிலினர் 44ஏடிஏ பிரிவில் மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டிவிட்டால், மற்றப் பாதியில் எல்லாச் செலவும் அடங்கிவிட்டதாக அர்த்தம். வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரொக்க வரவு 5 சதவிகிதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம். வருடம் 18 லட்சம் வரும் ஆர்க்கிடெக்ட் 9 லட்சத்தைக் காட்டினால் போதும். அவருடைய உண்மைச் செலவு 4 லட்சம்தான் என்றால், ஹோட்டல் பில் கட்டைத் தேடி அவர் ஏன் அலைய வேண்டும்? அதை மேற்கொண்டு கழிக்கவும் முடியாது. உண்மையான செலவு பாதிக்கு மேல் போகிறவர்கள்தான் கணக்கு எழுதி, தணிக்கை செய்து, குறைந்த வருமானத்தைக் காட்ட வேண்டும். அவர்களுக்குத்தான் இன்றைய பேச்சு உபயோகம்.

எல்.ஐ.சி. ஏஜெண்டுகளும் அந்த வரிசையில்தான் வருகிறார்கள். கமிஷன் வருமானத்துக்கு 44ஏடி-யும் கிடையாது, 44ஏடிஏ-யும் கிடையாது. 1990-களில், கமிஷன் 60,000 ரூபாய்க்குள் இருந்து கணக்கு வைக்காதவர்களுக்கு, முதல் வருடக் கமிஷனில் பாதி, புதுப்பிப்புக் கமிஷனில் 15 சதவிகிதம், மொத்தம் 20,000 ரூபாய் வரை என்று மத்திய நேரடி வரி வாரியம் ஒரு சலுகை சொல்லியிருந்தது. இன்றைய கமிஷன் தொகைகளுக்கு அதை நம்பிப் பிரயோஜனம் இல்லை. பாலிசிதாரரோடு குடித்த காபி, அவர் வீட்டுக்குப் போன பெட்ரோல் எல்லாவற்றையும் அன்றன்றே எழுத வேண்டியதுதான். பில் கிடைக்காத காபிக்கு என்ன செய்வது? குறிப்பிட்ட தொழிலினருக்கான 6எஃப் விதி, பில் தராத இடத்தில் 50 ரூபாய் வரை நீங்களே கையெழுத்திட்ட வவுச்சரை ஒப்புக்கொண்டது. ஏஜெண்டுகளும் அதே பழக்கத்தைக் கைக்கொள்ளலாம். பெரிய தொகையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் 40ஏ(3) அந்தச் செலவையே தள்ளிவிடும்.

வெளியூர்ப் பயணம் பற்றி. காலையில் பெங்களூர் போய், வழியில் மத்தூர் வடை சாப்பிட்டு, சாயங்காலம் திரும்புகிறவர் அந்த வடையைச் சொந்தச் செலவாக வைத்துக்கொள்வதே உத்தமம். தொழில் நிமித்தம் இரவு தங்க நேர்ந்தால், ரூம் பில்லோடு வரும் நியாயமான சாப்பாட்டைப் பயணச் செலவாக எழுதுவது வழக்கம். அதை ஆட்சேபிப்பது அபூர்வம்.

வீட்டில் சமைத்து விற்கும் மாமிகளுக்கும், தசராவில் வீட்டு மாடியை விருந்தினருக்குக் கொடுத்து காலைத் திண்டி போடுகிறவர்களுக்கும் வேறு விதமான சிக்கல். அவர்களுக்கு உளுந்தும் எண்ணெயுமே சரக்கு. சந்தேகமில்லாமல் தொழில் செலவு. ஆனால் அதே கடை, அதே பை, அதே அடுப்பில் குடும்பத்துக்கும் சமையல். மளிகை வாங்கும்போதே இரண்டு பில்லாகப் போடச் சொல்லுங்கள். காஸுக்கு ஒரு நியாயமான விகிதம் வைத்து, வருடா வருடம் மாற்றாமல் அதையே எழுதுங்கள். விற்பனைக்குச் செய்த முறுக்கில் வீட்டுக்கு எடுத்ததைச் சொந்த எடுப்பில் காட்டிவிடுங்கள். உதவிக்கு வரும் பெண்ணுக்குப் போடும் சாப்பாடு ஊழியர் நலச் செலவு. அதைத் தாராளமாக எழுதலாம். கல்யாண காண்ட்ராக்டர் தம் பரிசாரகர்களுக்குப் போடும் சாப்பாடும் அப்படியே.

மருந்து விநியோகத்தில் இருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். டாக்டர்களுக்கு மருந்துக் கம்பெனிகள் தரும் இலவசங்களும் உபசாரமும் கழிவு பெறாது என்று 2022 பிப்ரவரியில் அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியாயிற்று. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் ஹோட்டல் பில்லில் உள்ள வரியைத் திரும்பப் பெற ஆசைப்படக் கூடாது. உணவுக்கான அந்த வரவை 17(5) பிரிவு தடுத்திருக்கிறது. அந்த வரியையும் சேர்த்துச் செலவாக எழுதிக்கொள்ளலாம்.

ஹோட்டல் பில் இப்போது வரும் வழுவழுப்பான காகிதத்தில் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிப்போகிறது. ஆதாரத்தையோ ஆறு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். ஆகவே அன்றைக்கே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பில்லின் பின்புறம் பேனாவால் யாரோடு சாப்பிட்டீர்கள், எந்த வேலை விஷயம் என்று ஒரு வரி எழுதுங்கள். வரும் ஜூலையில் என்னிடம் வருகிறவர்கள் அந்த ஒரு வரி இருக்கும் பில்களை மட்டும் தனிக் கவரில் போட்டுக் கொண்டு வந்தால் எனக்கும் சௌகரியம். மற்றவற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.