மரத்திற்கு ஓய்வு உண்டு, மனத்திற்கு?

(நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர்களுக்காக நிகழ்த்திய உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மனக்களைப்பு. இச்சொல்லைக் கேட்டதும், “அது பட்டணத்தில் மேசைமுன் அமர்ந்து வேலை செய்வோர்க்கு வருவதன்றோ? பால் வெட்டும் நமக்கு உடல் களைப்புத்தானே உண்டு?” என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பொருத்தமானதன்று என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பால் வெட்டும் தொழிலைச் சற்று எண்ணிப் பாருங்கள். பொழுது புலருமுன் பெரட்டு முடிந்து, தலைவிளக்கின் ஒளியில் நிரைக்குள் நுழைகின்றோம். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் விரைந்து வெட்டியாக வேண்டும். உளி ஆழம் குறைந்தால் பால் குறையும். ஒரு மயிரிழை ஆழம் மிகுந்தால் மரம் காயப்படும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அதன்மீது ஒழுங்காகக் கோடு போட முடியாது. இந்த நுட்பமான கணிப்பை ஒரே காலையில் நூற்றுக்கணக்கான மரங்களில், ஒவ்வொரு மரத்திலும் புதிதாகச் செய்கின்றோம். இது கையின் உழைப்பு மட்டுமா? கண்ணின் உழைப்பு, அதற்கும் மேலாகக் கவனத்தின் உழைப்பு. கவனம் என்பது மனத்தின் வேலை. எனவே பால் வெட்டுபவர் உடலால் உழைப்பவர் மட்டுமல்லர்; மனத்தாலும் உழைப்பவரே.

மனம் களைத்தால் உடலும் தளரும் என்பதை அறிஞர்கள் ஆராய்ந்து கண்டுள்ளனர். இத்தாலி நாட்டின் துரின் நகரில் வாழ்ந்த ஆஞ்செலோ மோசோ என்னும் உடலியல் அறிஞர், விரலால் பளுவை மீண்டும் மீண்டும் இழுக்கச் செய்து களைப்பை அளக்கும் கருவியொன்றை அமைத்தார். மாணவர்க்கு நெடுநேரம் வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த ஆசிரியரின் விரல்வலிமை குறைந்திருந்ததை அக்கருவி காட்டிற்று. அவ்வாசிரியர் பளு எதனையும் தூக்கவில்லை. அவர் மனமே உழைத்திருந்தது. களைப்பைப் பற்றிய மோசோவின் நூல் 1891-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இக்காலத்தில் நம் மனத்தின் மீது ஏறும் பாரங்களோ பல. தவணைக் கடன் ஒருபுறம். பிள்ளைகளின் படிப்பு மறுபுறம். மழை பெய்தால் வெட்டு இல்லையே என்னும் ஏக்கம் விடியுமுன்னரே தொடங்கிவிடுகின்றது. நீலாயிலும் சிரம்பானைச் சுற்றிலும் இரப்பர் நிலங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியதைக் கண்ணாரக் கண்ட நமக்கு, “நாளை நம் குடியிருப்பு என்னவாகும்?” என்ற கவலையும் உண்டு. இவற்றோடு கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. நான்கரை மணிக்கு எழவேண்டியவர் நள்ளிரவு வரையில் அதன் ஒளியை நோக்கியிருந்தால் தூக்கத்திற்கு நேரம் ஏது?

மனக்களைப்பின் அடையாளங்கள் எவை? சிறு சொல்லுக்கும் சினம் எழும். பழகிய வேலையில் பிழை மிகும். உளி மரத்தைக் காயப்படுத்தும். உடல் சோர்ந்திருந்தும் தூக்கம் வராது. முன்னர் மகிழ்வூட்டியவை இப்போது சுமையாகத் தோன்றும். இதனைச் சோம்பல் என்று பழிப்பது பெருந்தவறு. நெடுநாளைய வேலை நெருக்கடி தணிக்கப்படாமற்போனால் ஆற்றல் வற்றுதல், வேலையில் வெறுப்பு, திறன் குறைதல் ஆகிய மூன்றும் விளையும் என்று உலகச் சுகாதார நிறுவனம் விளக்கியுள்ளது. 2019-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட அதன் நோய்ப் பகுப்புப் பட்டியலில், இந்நிலை தொழில் சார்ந்த நிலையாகக் குறிக்கப்பட்டுள்ளது.

அப்படியாயின் மீளும் வழி யாது? அதனை நாம் வெட்டும் மரமே கற்பிக்கின்றது. ஒரு மரத்தை நாள்தோறும் வெட்டுவது முறையன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதே நம் தோட்டங்களில் நெடுங்காலம் வழங்கிவந்த முறை. வடித்த பாலை மரம் மீண்டும் ஊறச் செய்துகொள்ளக் காலம் வேண்டுமன்றோ? அக்காலத்தைக் கொடாமல் மிகுதியாக வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். அத்தகைய மரத்தை ஏசுவாரில்லை. வெட்டாமல் ஓய்வாக விடுகின்றோம். ஆயின், ஒன்றைக் கவனியுங்கள். இன்று வெட்டிய மரம் நாளை ஓய்வெடுக்கும். வெட்டியவரோ நாளை அடுத்த வெட்டுக்குப் போகின்றார். மரத்திற்குக் கொடுத்த ஓய்வை மனிதர்க்குக் கொடுத்தோமா?

மற்றொன்றும் காண்க. பால் மிகுதியாக வடியப் பட்டையில் ஊக்கி மருந்து பூசும் வழக்கம் 1970-களில் பரவிற்று. ஊக்கி பூசினால் வெட்டும் நாள்களைக் குறைக்க வேண்டும் என்பது விதி. பூசியும் ஓயாது வெட்டினால் மரம் கெடும். கடுங்காப்பியும், புட்டியில் விற்கும் ஊக்கப் பானங்களும் மனத்திற்கு அத்தகைய ஊக்கிகளே. அவை களைப்பை மறைக்கும், போக்கா. சம்சுவோ அதனினும் கொடியது. குடித்தவர் விரைவில் உறங்குவது போலத் தோன்றும். ஆனால் பின்னிரவில் அத்தூக்கம் கலைந்து கலைந்து வரும். மறுநாள் களைப்பு மிகுவதோடு, கைக்காசும் கரைந்திருக்கும்.

ஆகவே நாம் செய்யத் தக்கவை சில. முதலாவது தூக்கம். வளர்ந்தவர்க்கு ஏழு மணி நேரமேனும் தூக்கம் தேவை. நான்கரைக்கு எழுபவர் ஒன்பதரைக்குள் உறங்க வேண்டும் என்பது எளிய கணக்கு. கைப்பேசியைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது இடையோய்வு. தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது. இடையில் அரைமணி நேரமேனும் ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு வேண்டும் என்பன 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் கூறும் பொதுவிதிகள். வாரத்திற்கு 48 மணி என்றிருந்த வேலை நேர வரம்பும் 2023 ஜனவரி முதல் 45 மணியாகக் குறைக்கப்பட்டது. ஓய்வு எவரும் இரங்கி அளிக்கும் சலுகையன்று, உழைப்பவரின் உரிமை.

மூன்றாவதாக ஆண்மக்களுக்கு ஒரு சொல். ஓய்வுநாள் நம் வீட்டில் யாருக்கு? கணவனும் மனைவியும் ஒருங்கே வெட்டுக்குப் போய் ஒருங்கே திரும்புகின்றனர். அவர் நாற்காலியில் சாய்கின்றார். அவளோ அடுப்படிக்குச் செல்கின்றாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் துணி துவைக்கும் நாள். இருவர் மனமும் ஒரே விதமாகத்தான் களைக்கின்றன. சமையலிலும் துவைப்பதிலும் பிள்ளைகளைக் கவனிப்பதிலும் பாதியை ஆண்கள் ஏற்றுக்கொண்டால், அந்த வீட்டில் பாதிச் சச்சரவு தானே அடங்கும்.

நான்காவது, வேலைக்கு மாறான இன்பம். திடலில் பந்தாட்டம், கோயிலில் பஜனை, வீட்டின் பின்புறம் ஒரு காய்கறிப் பாத்தி, அண்டை வீட்டாரோடு மனம்விட்டுப் பேசுதல் ஆகிய இவை மனத்திற்குப் புதுப்பட்டை வளரச் செய்பவை. கடன் தொல்லையையும் தனியே சுமக்காதீர்கள். வீட்டாரோடு அமர்ந்து வரவு செலவைக் கணக்கெழுதுங்கள்; எழுதிய கவலை எழுதாத கவலையைவிடச் சிறியது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இரண்டு வாரங்களுக்கு மேலும் துயரம் நீங்காமல், உணவும் உறக்கமும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் தலைகாட்டினால், அது வெறும் களைப்பன்று. மருத்துவம் செய்யத் தக்க நோய். தயங்காமல் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். சுகாதார அமைச்சு 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய 15555 என்னும் மனநலத் தொலைபேசி எண்ணையும் அழைக்கலாம். காய்ச்சலுக்கு மருந்து கேட்க நாணாத நாம் இதற்கு ஏன் நாணவேண்டும்?

தோழர்களே! வறண்ட மரத்தை வெட்டிச் சாய்க்காமல், ஓய்வு தந்து காத்திருக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். அந்தப் பொறுமையையும் அறிவையும் உங்களிடத்தும், உங்கள் வீட்டாரிடத்தும் காட்டுங்கள் என்று வேண்டி விடைபெறுகின்றோம்.