சாட்சிக் கூண்டில் ஏழையின் சொல்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கூலி கேட்டால் தகராறு வருகிறது. தகராறு வந்தால் வழக்கு வருகிறது. வழக்கு வந்தால் நம்மில் யாராவது ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறித்தான் ஆகவேண்டும். அடிபட்டவனும் நம் ஆள், அடித்ததைப் பார்த்தவனும் நம் ஆள். ஆகவே, கூண்டில் நிற்கிற உழைப்பாளியின் சொல்லுக்குக் கோர்ட்டில் என்ன மதிப்புக் கிடைக்கிறது, ஏன் அப்படிக் கிடைக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

நாம் ஒரு கோர்ட்டில் உட்கார்ந்து கண்ணால் கண்டதை முதலில் சொல்லிவிடுகிறோம். அறுவடைக் கூலித் தகராறில் ஓர் இளைஞனின் கையை ஒடித்துவிட்டார்கள். பார்த்த சாட்சி, நடவுக்குப் போகும் ஓர் அம்மாள். வயது அறுபதுக்கு மேல். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"சம்பவம் எத்தனை மணிக்கு?"

"வெளக்கு வைக்கிற நேரமுங்க."

"மணியைச் சொல்லம்மா, மணியை!"

அந்த அம்மாள் வாழ்நாளில் கடிகாரம் கட்டியவரல்ல. பயந்துபோய், "ஏழு இருக்குங்க" என்றார். போலீஸ் எழுதிய காகிதத்தில் ஆறேகால் என்று இருந்தது. அந்த ஆறேகாலும் அவர் சொன்னதல்ல. "விளக்கு வைக்கிற நேரம்" என்று சொன்னதை ஏட்டய்யா தம் கணக்குப்படி எழுதிக்கொண்டது. "பார்த்தீர்களா, முன்னுக்குப் பின் முரண்!" என்றார் வக்கீல்.

அடுத்த கேள்வி: "அப்போது இருட்டாக இருந்தது, அப்படித்தானே?"

"ஆமாங்கய்யா. ஆனா..."

"ஆமா, இல்லை என்று மட்டும் சொன்னால் போதும். இருட்டில் முகம் தெரியாது, அப்படித்தானே?"

"ஆமாங்கய்யா..."

தோழர்களே! அந்த 'ஆமாங்கய்யா' என்ன ஆமாங்கய்யா? நீங்கள் சொல்வது காதில் விழுகிறது என்று பொருள். பெரிய மனுஷன் பேசும்போது எதிர்த்துப் பேசக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் அடித்துப் பழக்கிய ஆமாங்கய்யா அது. கோர்ட்டுக் காகிதத்தில் அது ஒப்புதலாக ஏறிவிட்டது. விழுங்கிய அந்த 'ஆனா'வுக்குப் பின்னால்தான் உண்மை இருந்தது. டீக்கடைப் பெட்ரோமாக்ஸ் விளக்கு எதிரே எரிந்துகொண்டிருந்தது என்று சொல்ல வந்தார், சொல்ல விடவில்லை.

பிறகு எதிர்த்தரப்புச் சாட்சி வந்தார். சலவைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி. "சரியாக ஆறு பதினெட்டுக்கு எதிரி என் வீட்டுத் திண்ணையில் இருந்தார், என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்" என்றார். தடுமாற்றமே இல்லை. பாடம் பண்ணியதற்கு எங்கே தடுமாற்றம் வரும்? வழக்குத் தள்ளுபடியாயிற்று. திரும்பி வரும் பஸ்ஸில் அந்த அம்மாள் நம்மைக் கேட்டார்: "பாத்ததத்தான தம்பி சொன்னேன், ஏன் நம்பல?"

இந்தக் கேள்விக்குப் பதில் அந்த ஒரு கோர்ட்டோடு முடிவதில்லை. சாட்சியின் நாக்கை மட்டுமல்ல, சாட்சி யார், எதிரி யார் என்பதையும் தராசில் போடுகிறார்கள். கீழவெண்மணியை நினைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை ஜில்லாவில், ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். அத்தனை பேரும் தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர். கூடுதல் கூலி கேட்டதும், செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். 1970-ல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் மிராசுதார்கள் சிலருக்கு 10 ஆண்டுத் தண்டனை விதித்தது. 1973-ல் சென்னை ஹைகோர்ட் அவர்களை விடுதலை செய்தது.

விடுதலைக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிலபுலம் உள்ளவர்கள். ஒருவருக்குக் கார்கூட இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய் வீட்டுக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பக் கடினமாக இருக்கிறது என்பது! உயிர் தப்பியவர்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். காரும் நிலமும் வாயைத் திறக்காமலே எதிர்ச்சாட்சி சொல்லிவிட்டன.

ராஜஸ்தானில் 1992-ல் பன்வாரி தேவி என்ற உழைப்பாளிப் பெண், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகக் கூட்டாகப் பலாத்காரம் செய்யப்பட்டார். 1995-ல் ஜெய்ப்பூர் கோர்ட் எதிரிகளை விடுவித்தது. மேல்சாதி ஆண்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்ற வாதமும் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. வெண்மணியில் சொத்து செய்த வேலையை அங்கே சாதி செய்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த நோயா? பணக்கார அமெரிக்காவைப் பாருங்கள். 2012-ல் ஃபுளோரிடாவில் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயது கறுப்பினப் பையன், கையில் ஆயுதமில்லாதவன், சுட்டுக் கொல்லப்பட்டான். கடைசி நேரத்தில் அவனோடு டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தவள் 19 வயதுக் கறுப்பினப் பெண். 2013-ல் நடந்த விசாரணையில் அவளே முக்கிய சாட்சி. தன் ஜனங்கள் வீட்டில் பேசுகிற இங்கிலீஷில் அவள் பேசினாள். திரும்பச் சொல், திரும்பச் சொல் என்று கேட்டார்கள். கூட்டெழுத்தில் எழுதிய கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். படிக்கத் தெரியாது என்று சபை நடுவே அவள் சொல்ல வேண்டி வந்தது. ஜூரிகள் 16 மணி நேரத்துக்கு மேல் கலந்து பேசினார்கள். அவள் சாட்சியம் அங்கே பேச்சுக்கே வரவில்லை என்று ஜூரிகளில் ஒருவர் பின்னால் சொன்னார். சுட்டவர் விடுதலையானார். அந்தப் பெண் பேசியது பிழையான இங்கிலீஷ் அல்ல, தனக்கென்று இலக்கண ஒழுங்கு உள்ள பேச்சு என்று மொழி அறிஞர்கள் பிறகு எடுத்துக் காட்டினார்கள். பிறகு எடுத்துக் காட்டி என்ன பயன்?

சட்டம் என்ன சொல்கிறது? ஒரு காலத்தில், அந்தந்த வருணத்தாருக்கு அந்தந்த வருணத்தாரே சாட்சி என்று மனுநீதி விதித்தது. இன்றைய சட்டத்தில் அந்தப் பேதம் இல்லை. 1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் சரி, 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் சரி, கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்லத் தெரிந்த எவரும் சாட்சி சொல்லலாம் என்கின்றன. 1983-ல் குஜராத் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது: சாட்சி என்பவர் படம் பிடிக்கும் யந்திரமல்ல, மணிக்கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், கோர்ட்டின் சூழ்நிலையிலும் குறுக்கு விசாரணையிலும் மிரண்டு போய்க் குழம்புவது இயல்பு, சில்லறை முரண்பாடுகளைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று. நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு புத்தகத்தில் இருக்கிறது. நம் ஆள் கூண்டில் தனியே நிற்கிறான். இந்த இடைவெளியை நாம்தான் நிரப்ப வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, மரியாதை வேறு, சம்மதம் வேறு. 'ஆமாங்க'வை வாயில் வைத்துக்கொண்டு கூண்டேறாதீர்கள். உண்மையானால் ஆமாம், பொய்யானால், எவ்வளவு பெரிய மனிதர் கேட்டாலும், இல்லை.

இரண்டாவது, கேள்வி விளங்காவிட்டால், "விளங்கவில்லை, ஐயா" என்று நீதிபதியைப் பார்த்துச் சொல்லுங்கள். அதில் வெட்கம் எதுவுமில்லை. விளங்காத கேள்விக்குப் பதில் சொல்வதுதான் ஆபத்து.

மூன்றாவது, மணி தெரியாவிட்டால் மணி சொல்லாதீர்கள். விளக்கு வைக்கிற நேரம், மாடு ஓட்டி வருகிற நேரம், இரண்டாம் ஷிப்டுச் சங்கு ஊதின நேரம், ஒரு கூப்பிடு தூரம் என்று உங்களுக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்லுங்கள். அது உண்மைக்கு அருகில் இருக்கும்.

நான்காவது, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சாட்சியத்தை வாசித்துக் காட்ட வேண்டும், தவறு என்று சாட்சி சொன்னால் திருத்த வேண்டும் அல்லது அந்த ஆட்சேபணையைக் குறித்து வைக்க வேண்டும் என்பது சட்டத்தில் உள்ளது. இது சின்ன விஷயமல்ல. மேல் கோர்ட்டு நீதிபதி உங்கள் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அந்தக் காகிதத்தைத்தான் பார்க்கப் போகிறார். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துக் கோர்ட்டுச் சுருக்கெழுத்தாளர்கள் 27 பேரைச் சோதித்தார்கள். கறுப்பின மக்களின் பேச்சைக் கேட்டு எழுதியதில் பத்து வாக்கியங்களுக்கு ஏறக்குறைய ஆறுதான் சரியாக இருந்தன என்று 2019-ல் வெளியான ஆய்வு கூறுகிறது.

ஐந்தாவது, பார்த்ததற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்காகப் பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால், அந்த ஒரு பொய் மற்ற பத்துப் பேரின் உண்மையையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

சங்கத்துக்கும் கடமை உண்டு. சாட்சிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது நம் வேலையல்ல. கூண்டு எப்படி இருக்கும், யார் எங்கே உட்கார்ந்திருப்பார், யார் என்ன கேட்பார் என்று முன்கூட்டி விளக்குங்கள். முடிந்தால் ஒருநாள் கோர்ட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டுங்கள். குறுக்கு விசாரணையில் அறுந்துபோன 'ஆனா'வை மறுவிசாரணையில் எடுத்துக் கேட்கும்படி சர்க்கார் வக்கீலிடம் வற்புறுத்துங்கள். சாட்சி தனியாகப் போகக்கூடாது. பத்துப் பேர் கோர்ட்டு ஹாலில் போய் உட்காருங்கள். அன்றைக்கு ஒருநாள் கூலி போகும். போகட்டும், அந்தக் கூலியை ஈடுகட்டச் சங்கம் உண்டியல் குலுக்கட்டும்.

அந்த அம்மாளுக்கு அன்று பஸ்ஸில் நாம் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறோம்: "அம்மா, உங்கள் சொல்லில் குறையில்லை. தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த தராசுக்கு எதிரே உங்களைத் தனியே நிறுத்தியது நம்முடைய குறை." அடுத்த வாய்தாவுக்கு யாருக்குச் சம்மன் வந்திருக்கிறது என்று இந்தக் கூட்டம் கலையுமுன்னே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தோழர்களே. அந்தக் குறையை அங்கிருந்தே தீர்க்கத் தொடங்குவோம்.