எழுதப் புகும் தோட்டத்து நண்பர்களுக்கு

எழுத வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. அதை வெளியே சொல்லத்தான் கூச்சம். பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்களில் எதையோ எழுதி வைத்துக்கொண்டு, யாராவது வந்தால் தலையணைக்கடியில் ஒளித்து வைப்பவர்கள் லயத்து வீடுகளிலும் இருந்தார்கள். இன்றைய அடுக்குமாடி வீடுகளிலும் இருக்கிறார்கள். "நாம் படித்தது ஆறாம் வகுப்பு. உளி பிடித்த கைக்குக் கதை எதற்கு?" என்று தங்களைத் தாங்களே தடுத்துக்கொள்பவர்கள் அவர்கள். அவர்களுக்காகவே இன்றைய உரை. கதைக்குக் கரு எங்கே கிடைக்கும், எழுதியதை எங்கே அனுப்பலாம் என்ற இரண்டையும் பற்றிப் பேசுவோம்.

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தி. 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட்டார்கள். அந்த வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். பசியும் காலராவும் மலேரியாவும் அவர்களில் பல்லாயிரம் பேரைக் காட்டிலேயே புதைத்துவிட்டன. நம் குடும்பங்களில் "தாத்தா சயாமுக்குப் போனவர்" என்ற ஒரு வரியாவது இருக்கும்.

இந்தக் கதையை உலகத்துக்குச் சொன்னவர் யார்? பியேர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர். போருக்கு முன் மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவர் 1952-இல் எழுதிய நாவல் 1957-இல் திரைப்படமாகி, குவாய் நதிப் பாலம் என்றால் உலகில் அறியாதார் இல்லை என்றாயிற்று. அது வெள்ளைக்காரப் போர்க் கைதிகளின் கதை. பாதைக்கு மண் சுமந்த நம்மவர் அதில் இல்லை. அதைக் குற்றமாகச் சொல்ல வரவில்லை. அவர் தமக்கு நெருக்கமானதை எழுதினார். நம்முடையதை நாம்தான் எழுதியிருக்க வேண்டும். ஆர். சண்முகம் அவர்களின் 'சயாம் மரண ரயில்' நாவல் வெளிவந்த ஆண்டு 1993. அ. ரெங்கசாமி அவர்களின் 'நினைவுச் சின்னம்' 2005-இல் வந்தது. பாதை போட்டு முடிந்து ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழிந்த பிறகு! அதற்குள் எத்தனை சாட்சிகள் கண்ணை மூடியிருப்பார்கள்?

இப்போது தோட்டத்தையே நினைத்துப் பாருங்கள். இன்று புத்ராஜெயா நிற்கும் நிலத்தில் பிராங் புசார் என்ற ரப்பர்த் தோட்டம் இருந்தது. 1998-இல் திறக்கப்பட்ட தேசிய விளையாட்டரங்கம் புக்கிட் ஜாலில் தோட்டத்து மண்ணில் நிற்கிறது. இவை பெயர் தெரிந்த இரண்டு. பெயர் மறந்த தோட்டங்கள் எத்தனையோ! ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது, லயங்கள் இடிக்கப்பட்டன. பால்மரம் வெட்டத் தெரிந்த கைகளுக்கு வயதாகிவிட்டது. இந்த வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்த கடைசித் தலைமுறை நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. எழுத நினைப்பவருக்கு இதைவிட அவசரமான காரணம் வேறென்ன வேண்டும்?

"எங்கள் வாழ்க்கையில் கதை ஏது? காலையில் எழுந்தோம், மரம் வெட்டினோம், சம்பளம் வாங்கினோம்" என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காலையையே எடுத்துக்கொள்வோம். விடியுமுன்பே பெரட்டுக்குப் போனோம். ஏன் அத்தனை சீக்கிரம்? வெயில் ஏறுவதற்கு முன்தான் பால் நன்றாக ஓடும் என்பது நமக்குத் தெரியும்; பட்டணத்தில் வளர்ந்த பேரப்பிள்ளைக்குத் தெரியாது. தூங்குகிற கைக்குழந்தையை எழுப்பி, ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, இருட்டில் நிரைக்குள் நடந்த தாயின் மனம் எப்படி இருந்தது? பால் எடுக்க வாளியோடு போகும்போது அவள் மார்பில் ஊறிய பாலுக்கு என்ன செய்தாள்? இதை நூலகத்தில் தேடினால் கிடைக்குமா? அவளைக் கேட்டால்தான் கிடைக்கும்.

மழை நாளை எடுத்துக்கொள்வோம். மரம் நனைந்துவிட்டால் வெட்டு இல்லை. அம்மா வீட்டில் இருப்பாள் என்று பிள்ளைக்குக் கொண்டாட்டம். அன்றைய கூலி போயிற்றே என்று அம்மாவுக்குக் கலக்கம். பிள்ளை ஜன்னலில் நின்று மழையைப் பார்த்துச் சிரிக்கிறது. அம்மா அரிசி டின்னைத் திறந்து பார்த்து மூடுகிறாள். கொலையும் காதலும் இல்லாமலே இங்கே ஒரு சிறுகதை இருக்கிறது.

பெரியவர்களிடம் கேட்கும் முறையும் ஒன்று உண்டு. "தாத்தா, அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "கஷ்டந்தான்" என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வார். சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். பெரட்டு மணி எத்தனைக்கு அடிக்கும்? காண்டாவில் வாளி மாட்டித் தூக்கிய தழும்பு தோளில் இருக்கிறதா? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? கங்காணிக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருந்தீர்கள்? பட்டப்பெயரைக் கேட்டுப் பாருங்கள். தாத்தா சிரித்துக்கொண்டே அரை மணி நேரம் பேசுவார். இன்று கைப்பேசியிலேயே குரலைப் பதிவு செய்துகொள்ளலாம். பிறகு ஆற அமரக் கேட்டு எழுதலாம்.

முத்தம்மாள் பழனிசாமி என்ற ஆசிரியை இப்படித்தான் தம் குடும்பம் கொங்கு நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்த கதையை 'நாடு விட்டு நாடு' என்ற நூலாக எழுதினார். தோட்டத்து மக்கள் பாடிய நாட்டுப்புறப் பாடல்களையும் தேடிச் சேர்த்தார். தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், கவிதைக்கு வேறு பள்ளிக்கூடம் தேட வேண்டாம்.

தோட்டத்தைப் பற்றி வெளியிலிருந்து வந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டு எழுத்தாளர் அகிலன் இங்கு வந்து சென்ற பின் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். விருந்தாளியின் கண்ணுக்குத் தெரிவது ஒன்று. வீட்டுக்காரருக்குத் தெரிவது வேறு. எம். குமாரனின் 'செம்மண்ணும் நீல மலர்களும்', சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' போன்றவற்றைத் தேடிப் படியுங்கள். நம் அஞ்சடியில் பேசும் பேச்சு அச்சில் எப்படி உட்காருகிறது என்று தெரியும். சீ. முத்துசாமிக்கு 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். தோட்டத்துக் கதையைக் கடலுக்கு அப்பாலும் படிக்கிறார்கள் என்பதற்கு அது ஒரு சான்று.

மொழியைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். பாத்திரங்கள் பேசும்போது நம் பேச்சையே பேசட்டும். இடையில் மலாய்ச் சொல் வந்தாலும் வரட்டும். கதையைச் சொல்லும் பகுதி எளிய நல்ல தமிழாக இருந்தால் போதும். சினிமா வசனம் மட்டும் வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கள்ளுக்கடையில் குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் கணவன், கடைசியில் திருந்தி அழுவது என்ற கதை நம்மிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. அது பொய்யில்லைதான், ஆனால் ஆசிரியர் மேசையில் இருக்கும் பத்துக் கதையில் நாலு அதுவாகவே இருந்தால், ஐந்தாவதை அவர் எப்படிப் படிப்பார்? அதைத்தான் எழுத வேண்டும் என்றால், அந்த வீட்டில் நீங்கள் மட்டும் கண்ட ஒன்றை எழுதுங்கள்.

நம் தோட்டங்கள் சின்ன ஊர்கள். பெயரை மாற்றினாலும் இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகையால் உண்மை நிகழ்ச்சியை எழுதும்போது பெயரோடு ஊரையும் வயதையும் தொழிலையும் மாற்றுங்கள். இரண்டு பேரை ஒருவராகச் சேருங்கள். உயிரோடு இருப்பவரின் மானம் போகும்படி எழுதிப் பேர் வாங்கி என்ன பயன்?

சரி, எழுதியாயிற்று. எங்கே அனுப்புவது?

இந்த நாட்டில் எழுத்தாளர்களை வளர்த்தவை பெரும்பாலும் பத்திரிகைகளே. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனில், 1950-ஆம் ஆண்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பத்திரிகையையே பள்ளிக்கூடமாக்கிய முயற்சி அது. 1952-இல் அதே பத்திரிகைக்கு ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி ஐந்தாண்டுகள் இங்கிருந்து நம் எழுத்தாளர்களுக்கு வழிகாட்டினார். 1970-களில் தமிழ் நேசன் நடத்திய சிறுகதைத் திட்டத்தில் தேர்ந்த கதைக்குப் பவுனே பரிசு. ஆதி குமணனின் வானம்பாடி வார இதழ் 1977 முதல் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தது. அந்தத் தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோயிற்று. வானம்பாடியும் இன்றில்லை. இடம் சுருங்கியிருக்கிறது என்பது உண்மை, அடைபட்டுவிடவில்லை.

நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பு இன்றும் புதியவருக்கு முதல் வாசல். அனுப்புவதற்கு முன் நாலு வாரப் பதிப்பை வாங்கிப் படியுங்கள். எத்தனை பக்கக் கதை போடுகிறார்கள், எந்த முகவரிக்கு அனுப்பச் சொல்கிறார்கள் என்பது அதிலேயே தெரியும். 1962-இல் தோன்றிய மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம் போட்டிகளும் பயிலரங்குகளும் நடத்தி வந்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980-களில் தொடங்கிய சிறுகதைப் போட்டியில் மாணவர்களோடு பொதுமக்களுக்கும் தனிப் பிரிவு வைத்தார்கள். பரிசுக் கதைகள் 'பேரவைக் கதைகள்' என்ற தொகுப்புகளாக வந்தன. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் ஆதரவிலும் இலக்கியப் போட்டிகள் நடந்துள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், தொழிலாளர்கள் மாதம் கொஞ்சமாகச் சேர்த்த பணத்தில் எழுந்த சங்கம் அது. நம் பாட்டன் கட்டிய சந்தாவில் ஒரு பங்கு பேரன் எழுதும் கதைக்கும் போய்ச் சேருகிறது என்று நினைக்கும்போது நமக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. இணையத்தில் வெளியாகும் வல்லினம் போன்ற இதழ்களும் உண்டு. அங்கே தேர்வு கடுமையாக இருக்கும், அது நல்லதே.

வானொலியை மறந்துவிடாதீர்கள். காதுக்கு எழுதுவது தனிப் பழக்கம். வாக்கியம் குறுகியிருக்க வேண்டும். யார் பேசுகிறார்கள் என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிய வேண்டும். எழுதியதை அடுக்களையில் வேலையாக இருக்கும் வீட்டாருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் "என்னது?" என்று திரும்பிக் கேட்கிறார்களோ, அந்த இடத்தைத் திருத்துங்கள்.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், வரிகளுக்கு இடம் விட்டு எழுதுங்கள். இப்போது பெரும்பாலோர் மின்னஞ்சலில்தான் கேட்கிறார்கள். தட்டச்சு தெரியாவிட்டால் பேரனோ பேத்தியோ கைப்பேசியிலேயே தமிழில் அடித்துக் கொடுப்பார்கள். (அடித்துக்கொண்டே அவர்களும் கதையைப் படித்துவிடுவார்கள் என்பது கூடுதல் இலாபம்.) போட்டி என்றால் விதிகளை இரண்டு முறை படியுங்கள். கதைத் தாளில் பெயர் எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தால் எழுதாதீர்கள். நல்ல கதையாக இருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காக ஒதுக்கிவிட இடமுண்டு. ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்ப வேண்டாம். படி ஒன்று கையில் இருக்கட்டும். மூன்று மாதம் பதிலே வரவில்லை என்றால் சோர்ந்துவிடாமல் மறுபடி படியுங்கள். தொடக்கத்தில் இரண்டு பத்தியை வெட்டினால் கதை சரியாகிவிடுவது நாம் பலமுறை கண்டது. திருத்தி வேறிடத்துக்கு அனுப்புங்கள்.

ஒரு கதை வெளிவந்தவுடன் நூல் போட ஆசை வரும். இதில் நிதானம் வேண்டும். அச்சுக் கூலிக்குக் கடன் வாங்கி, ஆயிரம் படி அடித்து, வெளியீட்டு விழா முடிந்த பின் தொள்ளாயிரம் படிகளைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. விழாவில் முதல் நூலைப் பெரும் தொகைக்கு வாங்கும் பிரமுகர் அதைப் படிப்பார் என்று யாரும் நம்புவதில்லை. பத்து, பன்னிரண்டு கதைகள் இதழ்களில் வந்து, முன்பின் அறியாதவர்கள் நன்று என்று சொன்ன பிறகு தொகுப்பைப் பற்றி யோசிக்கலாம். இப்போது நூறு, இருநூறு படிகள் மட்டும் அச்சடிக்கவும் வசதி இருக்கிறது.

நூல் போடுவது உறுதியானால், அனைத்துலகத் தர நூல் எண்ணுக்குக் கோலாலம்பூரிலுள்ள தேசிய நூலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்டு யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சான நூலில் ஐந்து படிகளை அந்த நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். சிலர் இதை வீண் செலவு என்று முணுமுணுக்கிறார்கள். நம் தோட்டத்தின் பெயர்ப்பலகை என்றோ கழற்றப்பட்டிருக்கலாம். அந்தப் பெயர் அச்சேறிய நூல் நாட்டின் நூலகத்தில் இருக்கும். பதிப்புரிமைக்கும் தனியாகப் பதிந்தாக வேண்டும் என்பதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை எழுதியவருடையது. அவர் வாழ்நாளுக்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் வாரிசுகளுக்கு உரியது. ஆகையால் பதிப்பகத்தார் எதில் கையெழுத்துக் கேட்டாலும், வீட்டில் படித்த பிள்ளையிடம் ஒரு முறை காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.